ஆப்பிரிக்க மின் திட்டச் செய்தியைப் படிப்பது எப்படி: அணையை விடுங்கள், கம்பியைப் பாருங்கள்

ஒரு செய்தி வருகிறது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் இத்தனை ஆயிரம் மெகாவாட்டுக்கு அணை கட்டி முடித்துவிட்டார்கள், ஜனாதிபதி பொத்தானை அழுத்துகிறார், பின்னால் தண்ணீர் கொட்டுகிறது. இதைப் படிக்க உட்காரும்போது அந்த மெகாவாட் எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே உற்பத்தியாகும் கரண்ட் எந்தக் கம்பியில் ஏறி எந்த ஊரில் இறங்குகிறது என்று தேடுங்கள். அந்தத் திட்டத்தின் அரசியலில் முக்கால்வாசி அந்தக் கம்பியிலேயே தெரிந்துவிடும்.

நான் 2014, 2015 இரண்டு வருடமும் கானாவின் தலைநகர் அக்ராவில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கத்தில் பத்து வருடமாக இந்தச் செய்திகளை இப்படித்தான் படித்து வருகிறேன். "எல்லாம் சீனாக்காரன் வேலை", "அங்கே எல்லாமே ஊழல்தான்" என்று படிக்காமலே முடித்துவிடுகிற பேச்சைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சஹாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கோடிப் பேர் இன்னும் கரண்ட் இல்லாமல் இருக்கிறார்கள். ஏன் இல்லை என்பதற்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு காரணம் இருக்கிறது, அந்தக் காரணங்களைத் தேடிப் பார்க்கிறவர்களுக்கு அவை கிடைக்கவும் செய்யும்.

கம்பி எங்கே போகிறது

காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து ஆரம்பிக்கலாம், இதைவிடத் தெளிவான பாடம் வேறு எனக்குத் தெரியாது. காங்கோ ஆறு கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் இங்கா என்ற இடத்தில் சரிவில் பாய்ந்து இறங்குகிறது. முழுதாகக் கட்டினால் 40,000 மெகாவாட்டுக்கு மேல் கிடைக்கும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இதுவரை அங்கே இருப்பது இங்கா 1, இங்கா 2 என்ற இரண்டு நிலையங்கள்தான். முன்னது 1972, பின்னது 1982. இரண்டும் சேர்ந்து காகிதத்தில் 1,775 மெகாவாட்.

அங்கிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கம்பி ஒன்று ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் காட்டையும் சவன்னாவையும் தாண்டிப் போய் நாட்டின் தென்கோடியில் கொல்வேசியில் இறங்குகிறது. கொல்வேசி செம்பும் கோபால்ட்டும் தோண்டுகிற ஊர். வழியெல்லாம் கிராமங்கள். மின்கோபுரத்தின் கால் மரவள்ளித் தோட்டத்துக்குள் ஊன்றி நிற்கும், அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டிலோ கரண்ட் இருக்காது. காரணம், அது டி.சி. கம்பி, அதாவது நேர் மின்னோட்டக் கம்பி. நம் தெருவில் செய்வதுபோல் நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மரை வைத்துப் பிரித்துக்கொள்ள முடியாது, இறக்குகிற ஒவ்வோர் இடத்திலும் கோடிக்கணக்கில் செலவழித்து மாற்று நிலையம் கட்ட வேண்டும். கொல்லைப்புறமாக எக்ஸ்பிரஸ் ரயில் ஓடினாலும் ஸ்டேஷன் இல்லாத ஊருக்கு வெறும் சத்தம்தான், அது மாதிரி.

சரி, தெற்கே ஆறே இல்லையா? இருக்கிறது. அந்தச் செம்புப் பகுதியிலேயே நீர்மின் நிலையங்கள் ஏற்கெனவே இருந்தன, இன்னும் கட்ட இடமும் இருந்தது. பிறகு ஏன் 1,700 கிலோமீட்டர் இழுத்தார்கள்? கட்டாங்கா என்ற அந்த மாகாணம் 1960இல் தனி நாடு என்று பிரிந்து போய் 1963இல்தான் திரும்பச் சேர்க்கப்பட்டது. 1970களில் மொபுட்டு ஆட்சியில் அதற்கு ஷாபா என்று பெயர். சுரங்கத்துக்குப் போகும் கரண்டின் சுவிட்ச் தலைநகர்ப் பக்கம் இருந்தால் அந்த மாகாணம் மறுபடி பிரியத் தயங்கும், இந்தக் கம்பியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சொல்கிற விளக்கம் இதுதான். பணம் அமெரிக்க அரசின் எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கிக் கடன், கட்டியது அமெரிக்க நிறுவனம், கடன் காங்கோ மக்கள் தலையில். இன்றும் அந்த நாட்டில் 5 பேரில் ஒருவருக்குத்தான் கரண்ட்.

இப்போது நீங்களே கரிபாவை எடுத்துப் பார்க்கலாம். சாம்பேசி ஆற்றின் மேல், சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவில், 1950களின் கடைசியில் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் கட்டியது. நீர்க் கொள்ளளவில் உலகத்திலேயே மிகப் பெரிய செயற்கை ஏரி அதுதான். டோங்கா இன மக்கள் ஏறக்குறைய 57,000 பேரை ஆற்றங்கரையிலிருந்து கிளப்பினார்கள், 1958இல் போக மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டு 8 பேர் செத்தார்கள். கம்பி செம்புச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போனது. கிளப்பப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் எத்தனையோ ஊர்களில் வெகுகாலம் விறகையும் மண்ணெண்ணெயையும் நம்பியே இருந்தார்கள். ஆற்றோரத்து நல்ல மண்ணை விட்டுவிட்டு வறண்ட மேட்டில் உட்காரவைக்கப்பட்டவர்களுக்கு அந்த ஏரி என்ன கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கென்யாவின் கதை வேறு மாதிரி. வடக்கே துர்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017இல் தயார். ஆனால் லோயங்கலானியிலிருந்து சுஸ்வா வரை 428 கிலோமீட்டருக்குப் போட வேண்டிய கம்பி தயாராகவில்லை, அந்த வேலையை எடுத்த ஸ்பெயின் நிறுவனம் திவாலாகிவிட்டது. ஆலையைத் தனியார் கட்ட வேண்டும், கம்பியை அரசு போட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் 2018 செப்டம்பரில் கம்பி சேரும்வரை, எடுக்காத கரண்டுக்காகக் கென்யா பல நூறு கோடி ஷில்லிங் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. திறப்பு விழாப் படத்தில் காற்றாலை மட்டும்தான் வரும். செய்தியில் கம்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் அதையே ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். ஓப்பன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மேப் என்று ஒரு இலவச வரைபடத் தளம் இருக்கிறது, உலகம் முழுக்க உயர் அழுத்தக் கம்பிகளை நிறம் பிரித்துக் காட்டும். ஆப்பிரிக்காவில் எல்லாக் கம்பியும் அதில் ஏறியிருக்காது, ஆனாலும் பெரியவை இருக்கும். அத்தோடு அந்தந்த நாட்டில் மின் தொடரமைப்பைப் பார்க்கும் நிறுவனம் தனியாக இருக்கும்; கென்யாவில் கெட்ராகோ, கானாவில் கிரிட்கோ. அவர்கள் தளத்தில் கம்பி வரைபடமும் திட்டப் பட்டியலும் கிடைக்கும். செய்தியைப் படிப்பதைவிட அதைப் பத்து நிமிடம் பார்ப்பது எவ்வளவோ மேல்.

மெகாவாட்டை எப்படி எடுத்துக்கொள்வது

இது சுலபம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மெகாவாட் என்பது எல்லா டர்பைனும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் கிடைப்பது. வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று எங்காவது போட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். எத்தியோப்பியாவின் மறுமலர்ச்சி அணை 5,150 மெகாவாட். ஆனால் வருடத்துக்கு எதிர்பார்ப்பது 1,570 கோடி யூனிட்டுக்குச் சற்று மேல். அதை வருடத்தின் 8,760 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 1,800 மெகாவாட்தான். ஆறு எல்லா மாதமும் ஒரே மாதிரி ஓடாது, அதனால் இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆனால் அந்த அணைக்கே முதலில் 5,250, பிறகு 6,000, பிறகு 6,450 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் 5,150க்கு இறக்கினார்கள், அது அரசியல்.

நைஜீரியாவில் இன்னொரு இடைவெளி இருக்கிறது. காகிதத்தில் ஏறக்குறைய 13,000 மெகாவாட், கம்பியில் வருவது பெரும்பாலும் 4,000இலிருந்து 5,000 வரைதான், ஜனத்தொகையோ 20 கோடிக்கு மேல். எரிவாயுவுக்குப் பணம் பாக்கி, கம்பி தாங்காது, பகிர்மான நிறுவனங்களால் பில் வசூலிக்க முடியாது, ஒன்றில் சிக்கல் என்றால் எல்லாவற்றிலும் சிக்கல். 2013இல் தனியார்மயமாக்கியும் இந்த முடிச்சு அவிழவில்லை. நேப்பா என்ற பழைய மின்வாரியத்தை 2005இலேயே கலைத்துவிட்டார்கள், ஆனாலும் கரண்ட் வந்தால் தெருவெல்லாம் பிள்ளைகள் "அப் நேப்பா!" என்று கத்துகிற வழக்கம் இன்னும் போகவில்லை. கையில் தூக்கிப் போகக்கூடிய குட்டி ஜெனரேட்டருக்கு அங்கே "ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்" என்றே பெயர், அதாவது பக்கத்து வீட்டுக்காரரைவிட நான் ஒரு படி மேல்.

யார் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டார்கள்

இங்கேதான் நான் அக்ராவுக்கு வருகிறேன். கானாவில் மின்தடைக்கு டும்சோர் என்று பெயர். அவர்கள் பேசும் அகான் மொழியில் விளக்கை அணைப்பது, ஏற்றுவது என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தது. 2012 ஆகஸ்டில் நைஜீரியாவிலிருந்து எரிவாயு கொண்டுவரும் கடலடிக் குழாய் டோகோ கடற்பகுதியில் சேதமானதிலிருந்து அது மோசமாகிக்கொண்டே போனது.

எங்கள் ஆபீசுக்குக் கீழே ஓர் அம்மா உறைய வைத்த மீனும் கோழியும் விற்றுக்கொண்டிருந்தார். தெருவே அவரை ஆன்டி என்றுதான் கூப்பிடும். பேப்பரில் வந்த கரண்ட் அட்டவணையை வெட்டிச் சுவரில் டேப் போட்டு ஒட்டியிருந்தார். 2015இல் அந்த அட்டவணைப்படி 24 மணி நேரம் கரண்ட் கிடையாது, அப்புறம் 12 மணி நேரம் உண்டு. அட்டவணைப்படி வந்தாலாவது சமாளிக்கலாம், காலை 6 மணிக்கு வர வேண்டியது 10 மணிக்கு வந்தால் அந்த நாலு மணி நேரத்தை யார் தலையில் எழுதுவது? குளிர் போய்விடும் என்று பெட்டியை முழுதாகத் திறக்கவே மாட்டார். மூடியை ஒரு சாண் தூக்கி, கையை மட்டும் உள்ளே விட்டு, கானாங்கெளுத்தியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் பதிந்தால் அன்றைக்கு அந்த மீனுக்குப் பாதி விலை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் இடது பக்கம் விற்ற காசு, வலது பக்கம் ஜெனரேட்டருக்குப் போட்ட பெட்ரோல். நான் கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு நாள் அதைக் கூட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த வாரம் வலது பக்கம்தான் பெரிதாக இருந்தது. நான் கூட்டியது தப்பாக இருக்கும் என்று இன்னொரு தடவை கூட்டினேன்.

இப்படி நாடே நெருக்கடியில் இருக்கும்போது அரசு என்ன செய்யும்? யார் சீக்கிரம் கரண்ட் தருகிறேன் என்கிறார்களோ அவர்களிடம் கையெழுத்துப் போடும். 2015 மே மாதம் டும்சோரை நிறுத்தச் சொல்லி நடிகை இவோன் நெல்சன் முன்னின்று அக்ராவில் பெரிய பேரணி நடந்தது. வருடக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் பதவி விலகுவேன் என்று சொல்லியிருந்த மின்துறை அமைச்சர் குவாபெனா டோங்கோர் டிசம்பர் 31 அன்று விலகினார். அடுத்த வருடம் தேர்தல். அந்த அவசரத்தில் போட்ட மின் கொள்முதல் ஒப்பந்தங்களில் பல, கரண்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற வகை. விளைவு என்ன என்பதை 2019 ஜூலையில் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்: நாட்டின் உற்பத்தித் திறன் 5,083 மெகாவாட், உச்சத் தேவை ஏறக்குறைய 2,700 மெகாவாட், பயன்படுத்தாத கரண்டுக்கு வருடத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் கட்டிக்கொண்டிருக்கிறோம். கரண்ட் இல்லாமல் தவித்த நாடு நாலே வருடத்தில் தேவைக்கு மேல் வாங்கிவிட்டுத் தவித்தது.

ஆகவே கொள்முதல் ஒப்பந்தச் செய்தி வந்தால் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். விலை டாலரிலா உள்ளூர்ப் பணத்திலா, எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டுமா, எத்தனை வருடத்துக்கு. இதில் டாலர்தான் கொடுமை. மீன் கடைக்காரர் பிரீபெய்டு மீட்டருக்குக் கட்டுவது கானா நாணயமான சிடியில், மின் நிலையத்துக்காரருக்குப் போக வேண்டியது டாலரில். 2013இல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 2 சிடி, 2024இல் அது 15ஐத் தாண்டியது. மின்வாரியத்தில் அத்தனை பேரும் யோக்கியர்களாக இருந்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை: ஒப்பந்தங்கள் கையெழுத்தான காலத்தில் ஜனாதிபதியாக இருந்த ஜான் மகாமா 2025 ஜனவரியில் திரும்பப் பதவிக்கு வந்தார், மின்துறைக் கடனுக்காக லிட்டர் எரிபொருளுக்கு 1 சிடி வரி போட்டதும் அவருடைய அரசுதான்.

பாக்கியைக் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கினி-பிசாவைப் பார்க்கலாம். கரையோரம் நங்கூரம் போட்டு நின்ற, துருக்கி நிறுவனமான கார்பவரின் மின்கப்பல் ஒன்றிலிருந்துதான் 2023இல் தலைநகருக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் அக்டோபரில் பாக்கிக்காகக் கப்பல்காரர்கள் நிறுத்தினார்கள், ஊர் இருண்டது, பணம் போனதும் திரும்ப வந்தது. மின்கப்பல் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் விளக்கு எரிய வேண்டும் என்றால் நாளைக்கே வருகிற கப்பலை வேண்டாம் என்று சொல்ல எந்த அரசுக்கும் மனம் வராது, அதுதான் அங்கே பேரத்தின் பலவீனமே.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது

செய்தித் தலைப்பில் "கட்டப்படுகிறது" என்று இருந்தால் நம்பாதீர்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம், ஆய்வு, டெண்டர், கடன் கையெழுத்து, முதல் தவணைப் பணம், மண் வெட்டுவது, முதல் டர்பைன், கம்பி இணைப்பு என்று வரிசையாக இருக்கிறது. முதல் நான்கு கட்டத்தில் இருப்பதையெல்லாம் செய்திகள் முடிந்ததுபோல் எழுதும். நைஜீரியாவின் மம்பில்லா அணை 3,050 மெகாவாட். 1970களிலிருந்து பேசுகிறார்கள், 2017இல் 580 கோடி டாலருக்குச் சீன நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அறிவித்தார்கள், அணை இன்னும் எழும்பவில்லை. இங்கா 3க்கு உலக வங்கி கொடுத்துவந்த உதவியை 2016இல் நிறுத்தியது, 2025 ஜூனில் முதல் கட்ட ஆயத்தப் பணிக்கு 25 கோடி டாலர் அனுமதித்திருக்கிறது. அது அணைக்கான பணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதியைப் பார்த்து, அருகில் தேர்தல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யாருடைய பணம், யாருக்கு லாபம்

இதில் ஒரே எச்சரிக்கை: நாட்டுப் பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் மெடுபி அனல்மின் நிலையத்துக்கு 2010இல் 375 கோடி டாலர் கடன் கொடுத்தது உலக வங்கி. கொதிகலன் வேலை ஜப்பானின் ஹிட்டாச்சிக்குப் போனது. அதன் தென்னாப்பிரிக்கக் கிளையில் 25 விழுக்காடு பங்கு, ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதலீட்டு நிறுவனம் சான்சலர் ஹவுஸ் கையில் இருந்தது. இது தொடர்பான வழக்கில் 2015இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு ஹிட்டாச்சி 1.9 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. 2007இல் தொடங்கிய நிலையம் 2021 ஜூலை கடைசியில் முழுதாக முடிந்தது, ஒரு வாரம் கழித்து அதன் நான்காவது யூனிட் வெடித்தது. இந்த உலக வங்கிக் கடனிலும் ஹிட்டாச்சி வழக்கிலும் சீனா எங்கேயும் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. தான்சானியாவில் ருஃபிஜி ஆற்றின் மேல் 2,115 மெகாவாட் ஜூலியஸ் நெய்ரேரே அணையைக் கட்டியது யார் தெரியுமா? எகிப்து நிறுவனங்கள். நைல் மீது எத்தியோப்பியா அணை கட்டக் கூடாது என்று உலகமெல்லாம் முறையிட்ட அதே எகிப்து, அந்த அணைப் பணியைத் தன் நாட்டுப் பெருமையாகவே கொண்டாடியது. நைல் படுகையில் தனக்கு நண்பர்கள் வேண்டும் என்பது அதன் கணக்கு. இதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஒப்பந்தச் செய்தி முழுதாகப் புரியும்.

நிலம் யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். கானாவில் 1960களில் அகோசோம்போ அணை கட்டியபோது 700க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து ஏறக்குறைய 80,000 பேர் கிளம்பினார்கள், கரண்டில் பெரும் பங்கு அமெரிக்க நிறுவனங்களின் அலுமினிய உருக்காலைக்கு மலிவு விலையில் போனது. 1966 ஜனவரியில் அதைத் திறந்து வைத்த அன்றைய ஜனாதிபதி நிக்ருமா பிப்ரவரியில் ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டார். துர்கானாக் காற்றாலையின் நிலப் பட்டாக்கள் சட்டப்படி வாங்கப்படவில்லை என்று 2021இல் மேருவில் உள்ள நீதிமன்றம் சொன்னது. மேய்ச்சல் நிலத்தில் யார் பெயரும் எழுதியிருக்காது, அதனால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று தலைநகரில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கே படிப்பது

சர்வதேசச் செய்தி நிறுவனங்களோடு நிறுத்தாதீர்கள். நாடாளுமன்றத்தில் படிக்கும் பட்ஜெட் உரை, தணிக்கை அதிகாரியின் ஆண்டறிக்கை, மின்கட்டண ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு, நீதிமன்றத் தீர்ப்பு, இந்த நான்கும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே இருக்கும். கென்யாவில் தீர்ப்புகள் முழுதாகக் கிடைக்கும். 2024இல் அந்த நாட்டு மின் தொடரமைப்புக்காக இந்தியாவின் அதானி குழுமத்தோடு 30 வருடத்துக்கு, 73.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வழக்கறிஞர் சங்கம் வழக்குத் தொடுத்தது, அக்டோபரில் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, நவம்பர் 21 அன்று ஜனாதிபதி ரூட்டோ ரத்து என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். நம் ஊர்ப் பத்திரிகைகளில் கடைசி அறிவிப்பு மட்டும்தான் பெரிதாக வந்தது. மக்களிடம் கேட்காமல் இப்படி ஒப்பந்தம் போடலாமா என்று கென்யர்கள் நீதிமன்றத்தில் கேட்ட கேள்வி வழக்குக் கட்டில் இருக்கிறது.

ஒரு தடவை செய்து பார்க்கலாம்

2025 செப்டம்பர் 9. எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது மறுமலர்ச்சி அணையைத் திறந்து வைக்கிறார். மேலே சொன்ன கேள்விகளில் கம்பி, பணம், ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துப் பார்க்கலாம்.

கம்பி: சூடான் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் அணையிலிருந்து பெரிய கம்பி தெடெசா, ஹொலெட்டா வழியாக அடிஸ் அபாபாப் பக்கம் வருகிறது. தெற்கே வொலைட்டா சோடோவிலிருந்து இன்னொரு டி.சி. கம்பி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கென்யாவின் சுஸ்வாவில் இறங்குகிறது. துர்கானாக் காற்றாலையின் கம்பி வந்து சேர்ந்ததும் இதே சுஸ்வாதான். 2022 முதல் கென்யா அதில் 200 மெகாவாட் வாங்குகிறது. சூடானும் ஜிபூட்டியும் ஏற்கெனவே வாங்குகின்றன. டாலர் தட்டுப்பாடு உள்ள நாட்டுக்கு அது பெரிய வருமானம், பிட்காயின் சுரங்க நிறுவனங்களுக்குக்கூட விற்றார்கள்.

பணம்: நைல் தகராறால் பெரிய வங்கிகள் ஒதுங்கின. ஆகவே 2011இல் அப்போதைய பிரதமர் மெலெஸ் செனாவி அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து கடன் பத்திரம், அரசு ஊழியர்களின் ஒரு மாதச் சம்பளம், லாட்டரி என்று உள்ளூரிலேயே திரட்டினார்கள், கம்பிக்கு மட்டும் சீனக் கடன். வேலையை எடுத்தது இத்தாலி நிறுவனம். ராணுவத்தின் நிறுவனமான மெடெக்குக்குக் கொடுத்த டர்பைன் வேலை தாமதமாகி 2018இல் பறிக்கப்பட்டது. அதே வருடம் ஜூலையில் தலைமைப் பொறியாளர் சிமெக்னேவ் பெக்கெலே அடிஸ் அபாபாவின் நடுச் சதுக்கத்தில் காருக்குள் இறந்து கிடந்தார். அந்த மனிதரின் பெயரைச் சொன்னால் இன்றும் எத்தியோப்பியர்கள் குரல் மாறும். சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த ஓர் ஆசிரியருக்கு அந்த அணை என்னவாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், எகிப்து எதிர்க்க எதிர்க்க அவர்கள் ஏன் பிடிவாதமானார்கள் என்பது விளங்கும்.

ஒப்பந்தம்: எகிப்து காட்டுவது நைல் தண்ணீர் பற்றிய 1929, 1959 உடன்படிக்கைகளை. 1959இல் எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி கன மீட்டர் என்று பிரித்தார்கள். நைல் தண்ணீரில் ஏறக்குறைய 85 விழுக்காடு அனுப்பும் எத்தியோப்பியா இரண்டிலுமே கையெழுத்துப் போடவில்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் அணை 7,400 கோடி கன மீட்டர் பிடிக்கும், நம் கணக்கில் ஏறக்குறைய 2,600 டி.எம்.சி. தொடர்ந்து வறட்சி வந்தால் எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்று எழுதி வைத்த உடன்பாடு கிடையாது, கெய்ரோவின் பயம் அங்கேதான் இருக்கிறது, அதுவும் நியாயமான பயம்தான்.

கடைசியில் மிஞ்சுவது மறுபடியும் கம்பிதான். எத்தியோப்பிய மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் இன்னும் கரண்ட் இல்லை. 2030க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடிப் பேருக்குக் கரண்ட் என்று உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் இலக்கு வைத்திருக்கின்றன. ஹொலெட்டா வரை வந்த கரண்ட் அங்கிருந்து எந்த மாவட்டத்துக்கு, எந்த வருடம் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றால், துணைமின் நிலையத்துக்கும் தெருக் கம்பத்துக்கும் டெண்டர் விடும் அறிவிப்புகளைத் தேடுங்கள். பகிர்மான நிறுவனத்தின் தளத்திலும் உலக வங்கியின் கொள்முதல் பக்கத்திலும் வரும்; திறப்பு விழாவுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு தடவை, ஒரு வருடம் கழித்து இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.